இந்த வீதி யாருடையது?



பங்குனி, சித்திரை மாதங்களில் என்னுடைய மேசையில் வருமான வரிப் பத்திரங்கள் குவிந்து கிடக்கும். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நகரசபை அனுப்பிய வரிக் கடிதத்தையும் சேர்த்துக் கொண்டு வருவார்கள். ஊரிலே நாங்கள் சோலைவரி என்று சொன்னதுதான் அது. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அண்ணை, இவ்வளவு காசை வாங்கிறாங்கள். வீட்டு வாசலிலை கிடக்கிற குழியை மூடமாட்டாங்களோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தக் குழி யாருடைய வீதியில் கிடக்கிறது? இது தெரியாமல் நாங்கள் தவறான ஆளுக்குத் தொலைபேசி எடுத்து, தவறான ஆளைத் திட்டி, கடைசியில் "இவங்களோடை கதைச்சுப் பிரயோசனமில்லை" என்று ஒதுங்கி விடுகிறோம். நானும் ஒருமுறை மூன்று மாதம் ஓர் அலுவலகத்துக்கு மாறி மாறித் தொலைபேசி எடுத்து, அந்த வீதி அவர்களுடையதே அல்ல என்று பிறகுதான் அறிந்தேன். கணக்காளன் என்று பெயர். யார் பெயரில் பற்று எழுதுவது என்று தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

ஆகவே இன்றைய உரையில், நகரசபை உறுப்பினர் ஒருவரின் வேலை என்ன, அவரிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று சொல்லப் போகிறேன். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஊர் மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கும் சென்ட் ஆன் டி பெல்வ்யூ. றிகோ லூர்து மாதா தலத்துக்குப் போகும்போது நம்மில் பலர் இந்த ஊரைக் கடந்திருப்போம். கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், கால்வாய்க் கரையில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, படகுகள் நீர்ப்பூட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்போம். ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சின்ன ஊர். ஒரு மேயரும் ஆறு உறுப்பினர்களும் கொண்ட சின்னச் சபை. ஊர் சின்னதாக இருப்பதால் யாருடையது எது என்பதை ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

நடந்து பார்ப்போமா?

முதலில் அந்தக் கால்வாய். 1843இல் திறக்கப்பட்டது. இன்று அது தேசிய வரலாற்றுத் தலம். மத்திய அரசின் பாக்ஸ் கனடா நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. நீர்ப்பூட்டின் கதவு பழுதென்றால் நகரசபை உறுப்பினரால் ஒரு கடிதம்தான் எழுத முடியும்.

அடுத்தது நெடுஞ்சாலைகள். 20உம் 40உம் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகின்றன. 20இல் உள்ள கலிப்போ பாலம் ஐல் பெறோ தீவுக்குப் போகிறது. இவை கியூபெக் போக்குவரத்து அமைச்சினுடையவை. 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 40ஆம் நெடுஞ்சாலையில் உள்ள ஐல் ஓ தூர்த் பாலம், 1960களில் கட்டப்பட்டது, திடீரென்று மூடப்பட்டது. பிறகுதான் படிப்படியாகத் திறந்தார்கள். அந்த நாட்களில் வோத்றே பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்களெல்லாம் 20ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டி வந்தது. அப்படி ஒரு நெரிசலின் நடுவில் இருக்கும் சிறிய ஊரின் சபை உறுப்பினரிடம், பாலத்தைத் திறக்கவோ மூடவோ ஓர் அதிகாரமும் இல்லை. பாலம் வேறொருவருடையது, புகை மட்டும் ஊருடையது.

இன்னொரு வேடிக்கையான உதாரணம். கியூபெக்கில் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம் என்ற விதி 2003 சித்திரையில் வந்தது. ஆனால் மொன்றியல் தீவுக்குள் அது பொருந்தாது. ஆகவே கலிப்போ பாலத்தின் இந்தப் பக்கத்தில் திரும்பினால் தண்டப்பணம், அந்தப் பக்கத்தில், தடைப் பலகை இல்லாத சந்தியில், திரும்பினால் குற்றமில்லை. இந்த விதியையும் நகரசபை எழுதவில்லை. மாகாண அரசு எழுதியது.

ஊரை ஊடறுத்துப் போகும் தண்டவாளங்கள் ரயில் கம்பனிகளுடையவை. பயணிகள் ரயிலை நடத்துவது எக்ஸோ. பஸ் ஓடுவது எஸ்.டி.எம். பொலிஸும் தீயணைப்புப் படையும் தீவு முழுவதற்கும் பொதுவானவை. ஊரின் வடக்கே, 40ஆம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ரெம் என்ற இலகு ரயிலின் மேற்குக் கிளைக்கு ஆன்ஸ் ஆ லோர்ம் என்ற கடைசி நிலையத்தைக் கட்டினார்கள். அதைக் கட்டியது கியூபெக்கின் ஓய்வூதிய வைப்புகளை முதலீடு செய்யும் கேஸ் நிறுவனத்தின் கிளை. சம்பளத்தில் உங்களுக்குக் கழிக்கப்படும் கியூபெக் ஓய்வூதியக் காசை முதலீடு செய்வதும் அதே கேஸ்தான். படைவீரர்களுக்காக 1917இல் தொடங்கிய சென்ட் ஆன் மருத்துவமனை 2016இல் மத்திய அரசிடமிருந்து கியூபெக்கின் கைக்கு மாறியது. 1907இல் திறந்த மக்டொனால்ட் கல்லூரி மக்கில் பல்கலைக்கழகத்துடையது.

அப்படியானால் நகரசபைக்கு என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். நீங்கள் காலையில் கதவைத் திறந்ததும் கால் வைக்கிற இடம் மிச்சம். உள்ளூர் வீதி, நடைபாதை, தெருவிளக்கு, வாகனம் நிறுத்தும் விதி, பாதசாரிக் கடவை, பனி வழித்தல், உள்ளூர் நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய், குப்பை எடுத்தல், பூங்கா, விளையாட்டுத் திடல். பெரிய ஆட்கள் கவனிக்காத எல்லாம் இதற்குள் வரும். ஒரு வயோதிபர் விழுந்து இடுப்பை உடைப்பதும், ஒரு பிள்ளை பத்திரமாகப் பாடசாலைக்குப் போய்ச் சேர்வதும் இந்த மிச்சத்தில்தான் தங்கியிருக்கின்றன.

இந்த மிச்சத்துக்காகவும் ஊர்கள் போராட வேண்டி வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2002 தை மாதம் முதலாம் திகதி, தீவில் இருந்த 28 நகரங்களையும் கியூபெக் அரசு ஒன்றாக்கி ஒரே மொன்றியல் மாநகரமாக்கியது. சென்ட் ஆன் டி பெல்வ்யூவும் அதற்குள் போனது. 2004 ஆனி 20ஆம் திகதி 22 இடங்களில் வாக்கெடுப்பு நடந்தது. பிரிந்து போக இரண்டு நிபந்தனைகள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை வேண்டும். அந்த ஆதரவு வாக்குகள் பதிவு செய்த வாக்காளர்களில் 35 வீதத்துக்குக் குறையவும் கூடாது. 15 நகரங்கள் இரண்டையும் எட்டின. அவை 2006 தை முதலாம் திகதி மீண்டும் தனி நகரங்களாயின. சென்ட் ஆன் டி பெல்வ்யூ அதில் ஒன்று. பியர்ஃபொன்ட்ஸ், றொக்ஸ்போரோ போன்ற இடங்களில் வாக்களித்தவர்களில் கூடுதலானோர் பிரிவதையே விரும்பினார்கள். ஆனாலும் 35 வீதம் எட்டவில்லை. அந்த இடங்கள் மொன்றியலோடு தங்கிவிட்டன. பிரிந்தது சரியா, சேர்ந்திருப்பது சரியா என்பது வேறு விவாதம். அன்று வீட்டிலிருந்தவர்களும் அந்த முடிவை எழுதினார்கள் என்பதைத்தான் நான் கணக்காகப் பார்க்கிறேன்.

தனி நகரமானாலும் பணப்பை முழுவதும் தனியாகவில்லை. பொலிஸ், தீயணைப்பு, பொதுப் போக்குவரத்து, குடிநீர் சுத்திகரிப்பு முதலியவற்றைத் தீவு முழுவதற்குமான கூட்டுச் சபை நடத்துகிறது. புறநகரங்கள் திரட்டும் வரியில் ஏறத்தாழ பாதி அங்கே போகிறது. அந்தக் கூட்டுச் சபையில் வாக்குகள் சனத்தொகைப்படி. மொன்றியலிடம் சுமார் 87 வீதம். பதினைந்து சின்ன நகரங்களும் கூடி நின்றாலும் மிச்சத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் வரிக் கடிதத்தில் நூறு டொலர் இருந்தால், அதில் ஏறத்தாழ ஐம்பது டொலரைப் பற்றித்தான் உங்கள் உறுப்பினர் தீர்மானம் எடுக்க முடியும். கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

இனி உறுப்பினரின் அதிகாரத்துக்கு வருவோம். நம்மவர்கள் நினைப்பது போல, ஓர் உறுப்பினர் தனியாக நின்று "அந்தக் குழியை மூடு" என்று உத்தரவிட முடியாது. சபை கூடி, தீர்மானமாகவோ துணைச்சட்டமாகவோ எடுத்தால்தான் அது முடிவு. ஏழு பேர் இருக்கும் சபையில் அவருக்கு ஒரு வாக்கு. மற்றவர்களை இணங்கச் செய்வதும், பொறியியலாளரின் அறிக்கையைக் கேட்டு வாங்குவதும், அடுத்த ஆண்டு வரவு செலவில் ஒரு வரியாக அதை ஏற்றுவதும்தான் அவருடைய உண்மையான வேலை.

ஒரு வீதியைத் திருத்தும் விடயத்தையே பாருங்கள். தாரில் ஒரு சிறு வெடிப்பு. அதற்குள் தண்ணீர் இறங்குகிறது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ ஒன்பது வீதம் விரியும். வெயில் வந்து உருகும்போது உள்ளே வெற்றிடம். மேலே ஒரு பாரவண்டி ஏறினால் குழி. மாசி, பங்குனியில் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடப்பதால் அந்தக் காலத்தில்தான் குழிகள் பெருகும். அவசரத்துக்குக் கலவையை அள்ளிப் போட்டு மூடலாம். அடுத்த பனியில் அது கிளம்பிவிடும். நிரந்தரமாகத் திருத்தப் போனால், கீழே இருக்கும் பழைய குழாயை முதலில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தாரைப் போட்டுவிட்டு, குழாய் வெடித்ததும் மறுபடி கிண்ட வேண்டியிருக்கும். ஆகவே "ஏன் எங்கள் வீதிக்கு இன்னும் வரவில்லை?" என்ற கேள்விக்கு, "அங்கே குழாய் மாற்றும் ஆண்டு இன்னும் வரவில்லை" என்பது சில வேளை நேர்மையான பதிலாக இருக்கும். சில வேளை சாட்டாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு.

கியூபெக் நகரசபைகள் ஒவ்வொன்றும் மூன்று ஆண்டுகளுக்கான மூலதனத் திட்டம் தயாரிக்க வேண்டும். எந்த வேலைக்கு எந்த ஆண்டில் எவ்வளவு என்பது அதில் இருக்கும். வரவு செலவுத் திட்டத்தைப் பொதுவாகக் கார்த்திகை நடுப்பகுதிக்கும் மார்கழி முடிவுக்கும் இடையில் நிறைவேற்றுவார்கள். தேர்தல் நடக்கும் ஆண்டில் தை முடிவு வரை போகலாம். பற்றாக்குறை வரவு செலவு போட நகரசபைக்கு அனுமதியில்லை. வரவும் செலவும் பொருந்த வேண்டும். ஆகவே உங்கள் வீதியை உள்ளே ஏற்றினால் வேறொன்று வெளியே போகும், அல்லது வரி ஏறும். சித்திரையில் போய் "இந்த ஆண்டு செய்யுங்கள்" என்று கேட்பதிலும் பார்க்க, புரட்டாதியில் போய் "அடுத்த திட்டத்தில் சேருங்கள்" என்று கேட்பது பலனளிக்கும்.

வேகமாக ஓடும் வாகனங்களைப் பற்றியும் ஒரு சொல். உடனே எல்லோரும் கேட்பது "ஸ்டொப்" பலகை. தேவையில்லாத சந்தியில் அதை நட்டால், ஓட்டுநர்கள் கொஞ்ச நாளில் நிற்காமலே போகப் பழகிவிடுகிறார்கள் என்பது பொறியியலாளர்களின் அனுபவம். நிற்பார்கள் என்று நம்பிப் பிள்ளை இறங்கும்போது ஆபத்து கூடுகிறது. வேகத்தடையோ வீதியை ஒடுக்குவதோ சில இடங்களில் நல்ல மருந்து. ஆனால் பனி உழும் வண்டியும் தீயணைப்பு வண்டியும் போக வேண்டும். ஆகவே "எனக்குப் பலகை வேண்டும்" என்று கேட்காமல், "இந்தச் சந்தியில் காலை எட்டு மணிக்கு இப்படி நடக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

இப்போது நான் நேரில் கண்ட ஒரு சம்பவம். மேற்குத் தீவின் ஒரு சின்ன நகரம். பெயர் வேண்டாம். அங்கே மகன் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா. எழுபது கடந்தவர். நிரந்தர வதிவிடம் உண்டு, குடியுரிமை இல்லை. ஒவ்வொரு மாரியிலும் அவருக்கு ஒரே தொல்லை. பனி உழும் வண்டி வீதியைத் துப்புரவாக வழித்துவிட்டு, பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் பனியை மேடாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். பஸ் வந்தால் அந்த மேட்டில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறார்.

"சபைக்குப் போய்ச் சொல்லுங்கோவன்" என்றேன்.

மகன் சிரித்தார். "அண்ணை, அம்மாவுக்கு வோட்டே இல்லை. போய் என்னத்தைக் கதைக்கிறது?"

இந்த இடத்தைத் தயவு செய்து கவனமாகக் கேளுங்கள் நேயர்களே. நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கக் கனடியக் குடியுரிமை வேண்டும், 18 வயது வேண்டும் என்பது உண்மை. ஆனால் கியூபெக்கின் நகரங்கள் பற்றிய சட்டம், சபை அமர்வு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும், அங்கே வந்திருப்பவர்கள் வாய்மூலம் கேள்வி கேட்க ஒரு நேரம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது சொல்வது "வந்திருப்பவர்கள்". வாக்காளர் என்று சொல்லவில்லை. எவ்வளவு நேரம், எந்த ஒழுங்கில் என்பதைச் சபை தீர்மானிக்கலாம். கேள்வி நேரமே இல்லை என்று சொல்ல முடியாது. மாதம் ஒரு முறையாவது சபை கூடியே ஆக வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை இரவு நாங்கள் நான்கு பேர் போனோம். அம்மா குளிர்ச் சட்டைக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். பேத்தி பிரெஞ்சில் கேட்டாள். எந்தச் சந்தி, எந்தப் பஸ், எந்தெந்தத் திகதிகளில் நடந்தது என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்த வட்டார உறுப்பினர் சந்தியின் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதினார். செயலாளரும் எழுதினார். அவ்வளவுதான். கைதட்டலும் இல்லை, வாக்குறுதியும் இல்லை.

அடுத்த மாதம் பதில் வந்தது. நடைபாதை வழிக்கும் சிறு இயந்திரம் போகும் பாதையில் அந்தத் தரிப்பிடம் கடைசியாக இருந்ததாம். அதை முதல் சுற்றுக்கு மாற்றியிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய பனிப்புயல் ஒன்றுக்குப் பிறகு இரண்டு நாள் மேடு அப்படியே கிடந்தது. ஆனால் அந்த முறை அம்மா மகனை எதிர்பார்க்கவில்லை. பேத்தியைத் தொலைபேசி எடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றாராம்.

அன்றிரவு காரில் வரும்போது அம்மா சொன்னார்: "தம்பி, எங்கடை ஊரிலை கிராமசபை மெம்பர் சைக்கிளிலை வந்து மதகைப் பாத்திட்டுப் போவார். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் இப்பிடி ஒரு ஆளை முகத்துக்கு முகம் பாக்கிறன்."

எனக்கும் அந்தச் சைக்கிள் நினைவிருக்கிறது. எங்கள் ஒழுங்கை மதகு மாரிக்கு உடைந்தபோது அப்பா முறையிட, உறுப்பினர் குடையும் கையுமாக வந்து நின்றார். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். 1981இல் இலங்கையில் கிராமசபைகள் இல்லாமற் போயின. பிரதேச சபைகளுக்கான சட்டம் 1987இல்தான் வந்தது. அந்த நேரம் எங்கள் ஊர்களில் மதகைப் பற்றி நினைக்க யாருக்கு அவகாசம் இருந்தது?

யாழ்ப்பாணம் மாநகரசபையான ஆண்டு 1949. அதன் மேயராக இருந்த அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1983க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1998 தையில் மாநகரசபைக்குத் தேர்தல் நடந்தது. மேயரான திருமதி சரோஜினி யோகேஸ்வரன் அந்த ஆண்டு மே 17இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11இல், மாநகரசபை அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் குண்டு வெடித்து இறந்தார். அடுத்த மாநகரசபைத் தேர்தல் 2009 ஆவணியில்தான் நடந்தது. அரசியல் விவாதத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. கேட்கிறவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவு, ஒவ்வொரு காயம் இருக்கும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தெருவிளக்கையும் வாய்க்காலையும் பற்றிப் பேசுகிற ஒரு நாற்காலிக்கு எங்கள் ஊரில் அவ்வளவு விலை இருந்தது. அதனால் நாங்கள் சபை என்றால் ஒதுங்கிப் போகப் பழகினோம். எங்களை அறியாமலே அந்தப் பழக்கத்தையும் பெட்டிக்குள் வைத்து இங்கே கொண்டு வந்துவிட்டோம்.

ஒதுங்காதவர்களும் இருக்கிறார்கள். 2006இல் ஒன்ராறியோவின் மார்க்கம் நகரசபைக்கு ஏழாம் வட்டாரத்தில் லோகன் கணபதி தெரிவானார். அதன் பிறகு ரொறொன்ரோ, மார்க்கம் சபைகளில் நம்மவர்கள் இருப்பது அதிசயமாகத் தெரியவில்லை. மார்க்கத்தில் வன்னி என்ற பெயரில் ஒரு வீதியும் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையத்தான் செய்கிறது. ஆனால் தமிழர் ஒருவர் உள்ளே போகும்வரை நாங்கள் வெளியே காத்திருக்கத் தேவையில்லை. பஸ் தரிப்பிடத்துப் பனிமேட்டைப் பற்றி எழுதி எடுத்தவர் தமிழர் அல்லர்.

முடிக்கும் முன் நாலு காரியம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, முறையிட முன்பு அந்த வீதி யாருடையது என்று நகரசபையையே கேளுங்கள். அதுவே ஒரு நல்ல முதல் கேள்வி. இரண்டு, இடம், திகதி, நேரம் மூன்றையும் எழுதுங்கள், முடிந்தால் படமும் எடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவை நான் கணக்கில் ஏற்ற மாட்டேன். எழுதாத முறைப்பாட்டைச் சபையும் ஏற்றாது. மூன்று, எந்தத் திகதிக்குள் பதில் வரும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த அமர்வுக்குப் போங்கள். நாலு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சென்ட் ஆன் டி பெல்வ்யூ போன்ற ஊர்களில் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம். பிள்ளைகளுக்கு மொழி இருக்கிறது, எங்களிடம் கேள்வி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் போதும்.

குடியுரிமை கிடைத்தவர்கள் நாலு ஆண்டுக்கு ஒருமுறை கார்த்திகை முதல் ஞாயிறில் வாக்களிக்கத் தவறாதீர்கள். கிடைக்காதவர்கள் அதுவரை வீட்டில் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதமும் உங்கள் சபை கூடும். கதவு திறந்திருக்கும். குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் இருங்கள்.